ஒரைசாவும் அரிசியும்: ஒரு மறுபார்வை

நெல்லின் அறிவியற்பெயர் ஒரைசா சட்டைவா. லின்னேயஸ் 1753இல் சூட்டிய பெயர் இது. இதன் முதற்சொல் தமிழ் 'அரிசி'யின் திரிபு என்பதை நம் ஆய்வேடுகள் பலவும் சான்று வேண்டாத முடிபாகவே எழுதிச் செல்கின்றன. காவிரிப் படுகையில் பிறந்த எனக்கும் அது உவப்பான முடிபுதான், உவப்பு சான்றாகாது.

இக்கருத்துக்கு வலுச்சேர்த்தவர் கால்டுவெல். பூம்புகாருக்கும் முசிறிக்கும் வந்த யவனர் அரிசியோடு அதன் பெயரையும் கப்பலேற்றினர் என்பது வழிவழி வரும் விளக்கம். காலம் இதற்கு இடந்தரவில்லை. அலெக்சாந்தர் படையெடுப்பை (கி.மு. 327–325) ஒட்டி இந்தியாவின் வடமேற்கிலிருந்து கிடைத்த செய்திகளைக் கொண்டு தியோபிராஸ்டஸ் இப்பயிரை விவரிக்கையிலேயே 'ஒருசொன்' என்னும் வடிவம் காணப்படுகிறது. பருவக்காற்றைத் துணைக்கொண்ட நேரடிக் கடல்வணிகம் அதற்கு ஏறத்தாழ இரு நூற்றாண்டு பிற்பட்டது.

ஒலியும் இடர்ப்படுகிறது. அரிசியின் அகரம் ஒகரமானது எங்ஙனம்? பஷ்தூ 'வ்ரிசெ', பாரசீக 'பிரிஞ்ச்', வடமொழி 'வ்ரீஹி' ஆகியவற்றோடு ஒப்பிட்டால் விடை கிடைக்கிறது. ஈரானிய வடிவத்தின் சொன்முதல் வகரமே கிரேக்கத்தில் ஒகரமாயிற்று. பொருளும் ஒன்று உண்டு. நாற்று, பயிர், கதிர், நெல், அரிசி, சோறு என நிலைதோறும் பெயர் வேறுபடுத்தும் தஞ்சை உழவர் எவரும் வயலில் நிற்பதை அரிசி என்னார்; தியோபிராஸ்டஸ் பேசுவதோ நீரில் நிற்கும் பயிரை.

இதனால் திராவிடத் தொடர்பு அறவே இல்லையென்று கூறவில்லை. 'வ்ரீஹி'க்கு ஐயமற்ற இந்தோ-ஐரோப்பிய வேர் காட்டப்படவில்லை. தெலுங்கில் நெல் 'வரி', கோண்டியில் 'வஞ்சி'. இவற்றுக்கும் 'வ்ரீஹி'க்கும் உள்ள உறவே இன்று ஆராயத்தக்கது. அதற்குக் கிரேக்கத் துறைமுகங்களைவிடக் கோதாவரிக் கரை பயன்படும்.

நாம் கண்டுகொள்ளாத மற்றொரு சொல் சட்டைவா. இலத்தீன் 'ஒரைசா' கிரேக்கக் கடன். தூய இலத்தீன் சட்டைவாவே. விதைத்தலைக் குறிக்கும் 'செரெரெ' என்னும் வினையடியாகப் பிறந்து, 'விதைத்து விளைவிக்கப்படுவது' எனப் பொருள்படும். தானே முளைக்கும் காட்டு நெல்லினின்று பயிர்நெல்லைப் பிரித்துக் காட்டுவது இச்சொல்லே. (நாற்று விட்டு நடுதலே பெருவழக்கான இம்மண்ணில், மேட்டூர் நீர் தாழ்த்தி வரும் ஆண்டுகளில் நேரடி விதைப்புக்குத் திரும்புவோர்க்கு இப்பெயர் இன்னும் பொருந்தும்.) கலைச்சொல்லாக்கத்தில் ஈடுபடுவோர் இதற்கு 'விளைநெல்' என்பதைக் கருதலாம்.

என் ஆய்வியல் நிறைஞர் பட்ட ஆய்வேட்டிலும் 'ஒரைசா, அரிசியின் திரிபு' என்னும் தொடர் உண்டு. அடிக்குறிப்பில்லை, தேர்வாளரும் வினவவில்லை. முனைவர் பட்ட ஆய்வேட்டில் அதனை நீக்கியுள்ளேன்.