முதலிற் பிரதி

சென்ற மாதம் மாணவி ஒருத்தி கைக்குட்டையிற் பொதிந்த வன்தட்டொன்றுடன் நம்மிடம் வந்தாள். கலஹாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் வாழ்ந்து மறைந்த அவள் பாட்டியார் பாடிய தாலாட்டுகளும் ஒப்பாரிகளும் அதனுள் இருந்தன. வேறு பிரதி இல்லை. கோப்பைத் திறந்தால் கணினி நெடுநேரம் திகைத்து நின்றது. "இன்னொரு முறை தொடக்கிப் பார், அம்மா" என்றோம். அவளும் அவ்வாறே செய்தாள். முன்பு திறந்த இரண்டு கோப்புகள் பின்பு திறக்கவில்லை. நமது ஆசிரிய வாழ்வில் நாம் கூறிய தவறான விடைகளுள் இதுவே பெரிது.

வன்தட்டின் உள்ளே காந்தப்பூச்சுடைய வட்டுகள் நிமிடத்துக்கு 5,400 முறையோ அதற்கு மேலோ சுழல்கின்றன. படிக்கும் முனை அவற்றைத் தொடாமல், தலைமயிரின் பருமனில் ஆயிரத்திலொரு பங்கினும் குறைந்த இடைவெளியில் மிதக்கின்றது. முனை பழுதுற்று வட்டை உராய்ந்தால், உராய்ந்த இடத்து எழுத்து மீளாது. இத்தகைய தட்டைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தெடுக்கச் சொல்வாரும் உளர். நம் கண்டியின் ஈரக்காற்றில் உள்ளே நீர் படியுமேயன்றி நன்மை விளையாது.

செல்லரிக்கத் தொடங்கிய ஏட்டை நம் முன்னோர் திரும்பத் திரும்பப் புரட்டவில்லை. புதிய ஓலையிற் பெயர்த்தெழுதினர். இங்கும் அதுவே முறை. பழுது திருத்தும் மென்பொருள் எதனையும் அத்தட்டில் ஓட்டலாகாது. அது நோயாளியின் மேனியிலேயே எழுதத் தொடங்கிவிடும். ‘டிடிரெஸ்கியூ’ என்னும் இலவச மென்பொருளோ நலமான பகுதிகளை முதலில் வேறொரு தட்டுக்குப் பிரதி செய்துவிட்டு, கடினமானவற்றுக்குப் பின்னர் திரும்புகின்றது. எங்கே விட்டோம் என்பதையும் குறித்துக்கொள்கின்றது. ‘டிக், டிக்’ என ஒலிக்கும் தட்டுக்கு இதுவும் ஆகாது. மின்சாரத்தைத் துண்டித்து, தூசியற்ற அறையுடைய மீட்புக்கூடத்துக்கே அனுப்புதல் வேண்டும்.

அத்தகைய கூடங்களின் ஆற்றல் வியப்புக்குரியது. 2003 பெப்ரவரி 1 இல் கல்பனா சாவ்லா உள்ளிட்ட எழுவரைப் பலிகொண்டு சிதறிய கொலம்பியா விண்ணோடத்திலிருந்து வீழ்ந்த, கருகிய வன்தட்டொன்றில் நூற்றுக்கு 99 பங்கு வரை மீட்டனர். அதிலிருந்த செனன் வாயு பற்றிய ஆய்வு 2008 இல் வெளியாயிற்று.

நம் மாணவியின் தட்டு இரண்டு இரவும் ஒரு பகலும் ஓடிற்று. தாலாட்டுகள் அனைத்தும் கிடைத்தன. ஒப்பாரிகளுள் மூன்று நடுவே அறுபட்டு நிற்கின்றன. எஞ்சிய அடிகளைத் தாயாரிடம் கேட்டெழுத அவள் இவ்வாரம் தோட்டத்துக்குப் போயிருக்கிறாள்.