காலிப் படுக்கையும் ஆட்சியின் மேசையும்

மக்களை மிகுதியாக வருத்தும் குறை எதுவோ அதுவே ஆட்சித் தலைமையின் முதல் கவலையாக இருக்கும் என்று நம்புவது இயல்புதான் என்றாலும், கொல்கத்தாவின் அரசு மருத்துவமனைகளைச் சுற்றிக் கடந்த முப்பது ஆண்டுகளில் நடந்தவற்றை வரிசையாக வைத்துப் பார்ப்பவருக்கு அந்த நம்பிக்கை நிலைக்காது. உயிருக்குப் போராடும் ஒருவரைக் கொண்டுவரும்போது எந்த மருத்துவமனையில் படுக்கை காலியாக இருக்கிறது என்பதை உடனே அறிந்து நேரே அங்கு அனுப்பிவைக்கும் ஏற்பாடு வேண்டும் என்பது மிக எளிய கோரிக்கை. அது 1996இலேயே உச்ச நீதிமன்றத்தின் வாயிலாக வெளிவந்தும், 2024இல் இளநிலை மருத்துவர்கள் உண்ணாநிலை இருந்து அதையே மறுபடி கேட்க வேண்டியதாயிற்று. இடைப்பட்ட இருபத்தெட்டு ஆண்டுகளில் மேற்கு வங்க அரசியலில் மருத்துவம் பேசப்படாமல் இருந்ததில்லை. சட்டங்கள் வந்தன, காப்பீட்டு அட்டைகள் வந்தன, புதிய கட்டடங்கள் எழுந்தன, படுக்கைக் கணக்கு மட்டும் வரவில்லை.

1996ஆம் ஆண்டுத் தீர்ப்புக்குக் காரணமான நிகழ்வு, அத்தீர்ப்பின் பக்கங்களிலேயே மணிக்கணக்கோடு பதிவாகியிருக்கிறது. 1992 ஜூலை 8 அன்று இரவு, பஸ்சிம் பங்க கேத் மஜ்தூர் சமிதி என்ற விவசாயக் கூலித் தொழிலாளர் சங்கத்தின் உறுப்பினர் ஒருவர், தெற்கு 24 பர்கனாஸ் மாவட்டத்து மதுராபூர் நிலையத்தில் ரயிலிலிருந்து விழுந்ததில் தலையில் பலத்த அடிபட்டு மூளைக்குள் இரத்தம் கசிந்தது. அவ்வூர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் வசதி இல்லாததால் மேல்சிகிச்சைக்கு அனுப்பப்பட்ட அவரை, 11.45 மணிக்கு சியால்தா அருகிலுள்ள நீல்ரதன் சர்க்கார் மருத்துவமனைக்குக் கொண்டுவந்தார்கள். மண்டையோட்டை இரண்டு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து உடனடியாகச் சேர்க்க வேண்டும் என்று பரிந்துரைத்த அதே மருத்துவமனையில் அவருக்குப் படுக்கை இல்லை. 12.20க்குக் கல்கத்தா மருத்துவக் கல்லூரி, அங்கும் படுக்கை இல்லை. ஒரு மணிக்கு சம்புநாத் பண்டிட் மருத்துவமனை, அங்கே நரம்பறுவைப் பிரிவு இல்லை. இரண்டு மணிக்கு நேஷனல் மருத்துவக் கல்லூரி, மறுபடியும் படுக்கை இல்லை. காலை எட்டு மணிக்கு பாங்கூர் நரம்பியல் நிறுவனத்தில், வெளியே காசு கொடுத்து எடுத்துவந்த சி.டி. ஸ்கேனைப் பார்த்துவிட்டு, இத்தகைய அவசர நிலையைத் தங்களால் கையாள முடியாது என்றார்கள். பத்து மணிக்கு எஸ்.எஸ்.கே.எம். மருத்துவமனையும் கைவிரித்தது. கடைசியில் தனியார் மருத்துவமனை ஒன்றில் சேர்ந்து ஜூலை 22 வரை தங்கி உயிர் பிழைத்ததற்கு ஆன செலவு ஏறத்தாழ 17,000 ரூபாய். ஒரு கூலித் தொழிலாளியின் குடும்பத்துக்கு அன்று அது எவ்வளவு பெரிய தொகை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

சங்கம் தொடுத்த வழக்கில் நீதிபதிகள் எஸ்.சி. அகர்வாலும் ஜி.டி. நானாவதியும் 1996 மே 6 அன்று அளித்த தீர்ப்பு, உயிர்வாழும் உரிமையைக் காக்கும் அரசமைப்பின் 21ஆம் பிரிவு, உரிய நேரத்தில் அவசர சிகிச்சை அளிக்கும் கடமையை அரசின்மேல் சுமத்துகிறது என்றும், நிதிப் பற்றாக்குறையைக் காட்டி அரசு அக்கடமையிலிருந்து விலக முடியாது என்றும் நிறுவியது. 25,000 ரூபாய் இழப்பீட்டுக்கு உத்தரவிட்டதோடு, படுக்கை உள்ள மருத்துவமனைக்கு நோயாளியை நேரே அனுப்ப உதவும் மையத் தகவல் தொடர்பு ஏற்பாடு வேண்டும் என்பதையும் நீதிமன்றம் வெளிப்படையாகக் குறிப்பிட்டது. சட்டக் கல்லூரிகளில் இன்றும் பாடமாக இருக்கும் இத்தீர்ப்பின் இந்த ஒரு பகுதி, தலைமைச் செயலகத்தில் யாருடைய தனிப்பட்ட அக்கறையாகவும் மாறவில்லை.

ஒரு சிக்கல் ஆட்சித் தலைமையின் முன்னுரிமையாக எவ்வாறு மாறுகிறது என்பதைப் பற்றி அமெரிக்க அரசியல் அறிஞர் ஜான் கிங்டன், வாஷிங்டனில் மருத்துவம், போக்குவரத்து ஆகிய இரு துறைகளிலும் கொள்கை வகுப்போரை நேர்கண்டு 1984இல் வெளியிட்ட நூல் இங்கே உதவுகிறது. சிக்கல்கள், தீர்வுகள், அரசியல் சூழல் என்ற மூன்று ஓட்டங்கள் ஒன்றுக்கொன்று தொடர்பின்றித் தத்தம் போக்கில் செல்கின்றன என்றும், அவை எப்போதாவது ஒன்றுகூடும் குறுகிய காலத்தில்தான் ஒரு கோரிக்கை தலைவரின் மேசைக்கு ஏறுகிறது என்றும் அவர் விளக்கினார். அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ட்ரூமன் 1945 நவம்பரில் கேட்ட தேசிய மருத்துவக் காப்பீடு, முதியோருக்கு மட்டுமான திட்டமாகச் சுருங்கி, ஜான்சனின் 1964 தேர்தல் பெருவெற்றிக்குப் பிறகு 1965 ஜூலை 30 அன்று சட்டமானது; இருபது ஆண்டுகளாக முதியோரின் நோய் ஒன்றும் குறைந்திருக்கவில்லை, நாடாளுமன்றத்தில் கட்சிகளின் பலம் மாறியிருந்தது. 1991இல் பென்சில்வேனியாவில் நடந்த செனட் இடைத்தேர்தலில் மருத்துவக் காப்பீட்டை முன்வைத்து ஹாரிஸ் வோஃபோர்டு எதிர்பாராத வெற்றி பெற்றதும், அடுத்த குடியரசுத் தலைவர் தேர்தலின் மையப் பேச்சாக அது உயர்ந்தது.

இந்தியாவில் மருத்துவமும் பொதுச் சுகாதாரமும் அரசமைப்பின் ஏழாம் அட்டவணைப்படி மாநிலப் பட்டியலில் இருப்பதால், அமெரிக்காவில் குடியரசுத் தலைவருக்குள்ள இடம் இங்கே பெரும்பாலும் முதலமைச்சருக்கே உரியது. மம்தா பானர்ஜி முதலமைச்சர் பதவியோடு சுகாதாரத் துறையையும் தம்மிடமே வைத்திருந்ததால் மேற்கு வங்கத்தில் அது இன்னும் பொருந்தும். 2017 பிப்ரவரியில் தெற்குக் கொல்கத்தாவின் தனியார் மருத்துவமனை ஒன்றில் ஓர் இளம்பெண் இறந்ததை அடுத்து உறவினர்களும் அக்கம்பக்கத்தாரும் அதை அடித்து நொறுக்க, அந்தக் காட்சிகள் தொலைக்காட்சியில் ஓடின. பிப்ரவரி 22 அன்று டவுன் ஹாலில் முதலமைச்சர் தனியார் மருத்துவமனை நிர்வாகிகளை அழைத்துக் கட்டணங்கள் குறித்துக் கேமராக்களின் முன்னிலையில் கேள்வி கேட்டார். மார்ச் 3 அன்று மருத்துவ நிறுவனங்களை ஒழுங்குபடுத்தும் மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறிவிட்டது. சட்டம் தேவையானது, தனியார் மருத்துவமனைகளின் கட்டணப் பட்டியலைக் கண்டு கலங்கிய குடும்பங்களுக்கு முறையிட ஓர் ஆணையமும் கிடைத்தது. ஆயினும் அவ்வளவு விரைவு வாய்த்ததற்கு, குற்றம் சாட்டத்தக்கவர் அரசுக்கு வெளியே இருந்தார் என்பதும் ஒரு காரணம் என்பதை மறைக்க முடியாது. படுக்கை இல்லை என்று நோயாளியைத் திருப்பி அனுப்புவது அரசு மருத்துவமனை. அதைப் பேசுவோர் அரசையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்த வேண்டும்.

2024 ஆகஸ்ட் 9 அன்று ஆர்.ஜி. கர் மருத்துவக் கல்லூரியின் கருத்தரங்க அறையில் பணியிலிருந்த முதுநிலைப் பயிற்சி மருத்துவர் வன்கொடுமைக்கு ஆளாகிக் கொல்லப்பட்டபோது, கிங்டன் சொன்ன மூன்று ஓட்டங்களும் இம்மாநிலத்தில் இதுவரை கண்டிராத வேகத்தில் ஒன்றுகூடின. ஆகஸ்ட் 14 இரவு பெண்கள் தெருக்களை நிறைத்தார்கள், உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. அந்தச் சூழலில் அரசு முதலில் கையில் எடுத்த தீர்வு தண்டனை: வன்கொடுமையால் மரணம் நேர்ந்தால் மரண தண்டனை விதிக்கும் அபராஜிதா மசோதா செப்டம்பர் 3 அன்று நிறைவேறி, குடியரசுத் தலைவரின் ஒப்புதலுக்கு அனுப்பப்பட்டது. மருத்துவர்கள் கேட்டதோ வேறு. கொல்கத்தாவின் எஸ்பிளனேடில் அக்டோபர் 5 அன்று தொடங்கிய உண்ணாநிலையின் பத்துக் கோரிக்கைகளில், சக மருத்துவருக்கான நீதியோடு, எல்லா அரசு மருத்துவமனைகளையும் இணைக்கும் மேல்சிகிச்சை அனுப்பும் முறை, காலிப் படுக்கைகளைத் திரையில் காட்டும் மின்னணு ஏற்பாடு, நிரப்பப்படாத பணியிடங்களை நிரப்புதல் ஆகியவையும் இருந்தன. ஒரு கொலைக்கு எதிரான போராட்டத்தில் படுக்கைக் கணக்கு ஏன் இடம்பெற்றது என்று வியந்தவர்கள், இரவு முழுவதும் நான்கு மருத்துவமனைகளில் திருப்பி அனுப்பப்பட்டு ஐந்தாவது வாசலுக்கு வந்து சேரும் உறவினரின் ஆத்திரம் யார்மேல் பாய்கிறது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். அங்கே நிற்பவர் அமைச்சரோ செயலாளரோ அல்லர். ஒன்றரை நாள் தூங்காமல் பணியில் இருக்கும் இளநிலை மருத்துவர். நோயாளியின் உரிமையும் மருத்துவரின் பாதுகாப்பும் ஒரே கோரிக்கை என்பதைக் கண்டுகொண்டதுதான் அந்தப் போராட்டத்தின் மிகப் பெரிய சிந்தனைச் சாதனை. அதற்குக் கிடைத்த கவனம் போதாது.

பெயர் சூட்டத்தக்க தீர்வுகளே மேலிடத்தை எளிதில் அடைகின்றன என்பது இங்கே கூடுதலாகக் கவனிக்க வேண்டியது. மாநிலத்தின் ஸ்வாஸ்த்ய சாத்தி காப்பீடு 2016 டிசம்பரில் தொடங்கியது. மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் 2018 செப்டம்பரில் வந்தது. பயனாளிகளுக்கு அனுப்பப்பட்ட கடிதங்களில் பிரதமரின் படம் இருந்ததை எதிர்த்து 2019 ஜனவரியில் மாநிலம் அத்திட்டத்திலிருந்து விலகியது. அட்டையில் ஒரு முகத்தை அச்சிடலாம், அது வீட்டுக்கு வந்து சேரும், தேர்தலில் எடுத்துக் காட்டலாம். இரவு இரண்டு மணிக்கு எந்த வார்டில் எத்தனை படுக்கை காலி என்று காட்டும் கணினிப் பதிவுக்கு முகமில்லை.

முகமில்லாத ஏற்பாடுகள் வேரூன்றவே முடியாது என்று இதிலிருந்து முடிவுகட்டுவது தவறு. அரசு மருத்துவமனைகளுக்கான மருந்துக் கொள்முதலை ஒரே இடத்தில் நடத்த 1994இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், எந்தத் தலைவரின் பெயரையும் தாங்காமல், ஆட்சிகள் மாறி மாறி வந்த பிறகும் நீடித்து, கேரளம், ராஜஸ்தான் உள்ளிட்ட மாநிலங்களுக்கு முன்மாதிரியும் ஆனது. கிடங்கில் எந்த மருந்து எவ்வளவு இருப்பு என்று அன்றாடம் தெரிவது மருந்துக்குச் சாத்தியமென்றால் படுக்கைக்கும் சாத்தியம். மேற்கு வங்கத்திலேயே, நிலத்தடி நீரின் ஆர்சனிக் நச்சால் கிராமத்தாரின் தோலில் தோன்றிய புள்ளிகளை 1980களின் தொடக்கத்தில் மருத்துவர் கே.சி. சாஹா இனங்கண்டதும், ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தின் தீபங்கர் சக்ரவர்த்தி ஆண்டுக்கணக்கில் குழாய்க் கிணறுகளைச் சோதித்து அதைப் பொதுவெளியில் விடாமல் எழுப்பியதும், ஓசையின்றி நிகழும் சாவுகளை அரசின் காதில் போட ஒரே கேள்வியைச் சலிக்காமல் கேட்டுக்கொண்டே இருக்கும் மனிதர்கள் வேண்டும் என்பதற்குச் சான்று.

2024 அக்டோபர் 21 அன்று நபான்னா தலைமைச் செயலகத்தில் முதலமைச்சருடன் நடந்த நேரலைப் பேச்சுக்குப் பின் மருத்துவர்களின் உண்ணாநிலை முடிந்தது; மேல்சிகிச்சை அனுப்பும் முறையின் முன்னோட்டம் அதே மாதத்தில், மதுராபூர் அடங்கிய அதே தெற்கு 24 பர்கனாஸில் தொடங்கப்பட்டிருந்தது. படுக்கையையும் மருத்துவரையும் செவிலியரையும் கூட்டாமல் கணினித் திரையை மட்டும் நிறுவினால், இல்லாத படுக்கையை இல்லை என்று விரைவாகச் சொல்ல மட்டுமே அது பயன்படும். ஆகவே ஒவ்வொரு மருத்துவமனையும் எத்தனை பேரை எந்தக் காரணத்துக்காகத் திருப்பி அனுப்பியது என்ற கணக்கை மாதந்தோறும் பொதுமக்களுக்கு வெளியிட வேண்டும் என்பதும், எந்தப் பிரிவில் எத்தனை புதிய இடங்கள் தேவை என்பதை அக்கணக்கைக் கொண்டே நிதிநிலை அறிக்கையில் தீர்மானிக்க வேண்டும் என்பதும், கொல்கத்தாவின் மருத்துவர் அமைப்புகளும் தொழிற்சங்கங்களும் இதழ்களும் சேர்ந்து எழுப்ப வேண்டிய அடுத்த கோரிக்கை.