விளாச்சேரியில் ஒரு படை திரட்டலாம்

வார்ஹேமர் என்றதும் ஏதோ கம்ப்யூட்டர் கேம் என்று நினைப்பவர்கள்தான் அதிகம். அப்படியும் உண்டு, ஆனால் மூலம் அதுவல்ல. அது மேஜை மேல் ஆடும் ஆட்டம். இரண்டு பேர், இரண்டு படைகள். வீரன் ஒவ்வொருவனும் ஒரு அங்குலத்துக்குச் சற்று மேல் உயரமுள்ள பொம்மை. பூதம், டிராகன், எலும்புக்கூட்டுப் படை, குள்ளர் படை என்று எதுவும் இருக்கலாம். கட்டம் கிடையாது, இஞ்ச் டேப் வைத்து அளந்து நகர்த்த வேண்டும். அம்பு பட்டதா, கவசம் தாங்கியதா என்பதைப் பகடை சொல்லும். ஆட்டம் முடிய இரண்டு மூன்று மணி நேரம் ஆகும். படையைத் தயார் செய்யவோ மாதக்கணக்கில் ஆகும். பொம்மைகள் துண்டு துண்டாக, வண்ணமே இல்லாமல் வரும். ஒட்டுவதும் வண்ணம் தீட்டுவதும் ஆடுகிறவர் வேலை.

மதுரை கே.கே. நகரில் இதை யூட்யூபில் பார்த்து ஆசைப்படும் ஒரு காலேஜ் பையனை நினைத்துக்கொள்ளுங்கள். முதலில் விலையைப் பார்ப்பான். முழுப் படை சேர்க்கப் பல்லாயிரம் ரூபாய். பெயிண்ட், பிரஷ் எல்லாம் தனி. "இதெல்லாம் வெள்ளைக்காரப் பசங்க விளையாட்டுடா" என்று தன்னைத் தானே தேற்றிக்கொண்டு அடுத்த வீடியோவுக்குப் போய்விடுவான். விலை அதிகம் என்பது சரி. விளையாட்டு அவர்களுடையது என்பதுதான் சரியில்லை.

கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்கலாம். யானை, தேர், குதிரை, காலாள் என்று நால்வகைப் படையைப் பலகையில் நிறுத்திய சதுரங்கம் சுமார் 6-ஆம் நூற்றாண்டில் வட இந்தியாவில் இருந்தது. அது பாரசீகம், அரேபியா வழியே ஐரோப்பா போய் செஸ் ஆனது. 1780-இல் ஹெல்விக் என்ற ஜெர்மன்காரர் செஸ்ஸை இழுத்துப் பெரிதாக்கி, ஆயிரத்துக்கும் மேற்பட்ட கட்டங்களுள்ள ஒரு போர் விளையாட்டை வெளியிட்டார். 1824-இல் ரைஸ்விட்ஸ் என்ற பிரஷ்ய அதிகாரி கட்டங்களைத் தூக்கிப்போட்டுவிட்டு வரைபடத்தையும் பகடையையும் கொண்டுவந்தார். பிரஷ்ய ராணுவம் அதைப் பயிற்சிக்கே எடுத்துக்கொண்டது. 1913-இல் எச்.ஜி. வெல்ஸ் (ஆமாம், டைம் மெஷின் எழுதியவர்தான்!) பொம்மைச் சிப்பாய்களை வீட்டுத் தரையில் நிறுத்தி, ஸ்பிரிங் பீரங்கியால் சுட்டு ஆடும் விதிகளைப் புத்தகமாகப் போட்டார். 1971-இல் அமெரிக்காவில் வந்த 'செயின்மெயில்' விதிப் புத்தகத்தின் பின்பகுதியில் டிராகனும் மந்திரமும் நுழைந்தன. 1983-இல் இங்கிலாந்தின் கேம்ஸ் வொர்க்‌ஷாப் நிறுவனம் வார்ஹேமரை வெளியிட்டது. இந்தப் பட்டியலில் பொம்மையை இன்னாரிடம்தான் வாங்க வேண்டும் என்ற பேச்சு கடைசியில்தான் வருகிறது. இன்றும் அந்த நிறுவனத்தின் சொந்தப் போட்டிகளுக்குப் போனால் அவர்களுடைய பொம்மையே வேண்டும்.

அந்தப் பிடியின் விலை என்ன என்பது 2015-இல் தெரிந்தது. முப்பது வருடத்துக்கு மேல் ஆடப்பட்ட பழைய வார்ஹேமர் உலகத்தை நிறுவனமே கதைப்படி அழித்துவிட்டு, வேறு விதிகளோடு வேறு ஆட்டத்தை இறக்கியது. வருடக்கணக்கில் படை வைத்திருந்தவர்கள் கதி? சிலர் கோபத்தில் விலகினார்கள். சிலர் கூடி 'நைன்த் ஏஜ்' என்று தங்களுக்கே விதிகள் எழுதிக்கொண்டு தொடர்ந்து ஆடினார்கள். 2024-இல் நிறுவனமே பழைய உலகத்தை மறுபடி விற்பனைக்குக் கொண்டுவந்தது வேறு விஷயம் :-) விதிகள் காகிதம், யாரும் எழுதலாம் என்பதை அந்த ரசிகர்கள் காட்டிவிட்டார்கள். எந்தப் பொம்மையை வைத்தும் ஆடத்தக்க விதிகளை 'ஒன் பேஜ் ரூல்ஸ்' போன்றவர்கள் இலவசமாகவே தருகிறார்கள்.

ஆக, விதி இலவசம். மிச்சம் இருப்பது பொம்மை. அதைத் தேடி நாட்டிங்காம் வரை போக வேண்டுமா? வைகையைத் தாண்டி, ஊரின் தென்மேற்குக் கோடியில், பசுமலைப் பக்கம் விளாச்சேரி இருக்கிறது. கொலு பொம்மை, பிள்ளையார், கிறிஸ்துமஸ் குடில் பொம்மை என்று தலைமுறை தலைமுறையாகக் களிமண்ணில் செய்யும் ஊர். அச்சில் அழுத்தி எடுத்து, காயவைத்து, சூளையில் சுட்டு, வெள்ளை பூசி, அதன்மேல் வண்ணம் தீட்டுகிறார்கள். வார்ஹேமர்காரர்கள் 'பிரைமர்' என்று பெரிதாகச் சொல்வது இந்த முதல் பூச்சைத்தான். இரண்டு இடத்திலும் கண்ணை வரையும்போதுதான் கை நடுங்கும்.

மண்ணில் ஒரு அங்குலச் சிப்பாயைச் செய்தால் கை கால் நிற்காதே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. இரண்டு மூன்று அங்குலத்தில் செய்துவிட்டு, விதியில் உள்ள தூரங்களை இரட்டிப்பாக்கிக்கொண்டால் போதும். வெல்ஸ் தரையில் நிறுத்திய சிப்பாய்களும் ஏறக்குறைய இரண்டு அங்குலம்தான். மேஜை பத்தாது, மொட்டை மாடி பத்தும். ஈட்டியை மட்டும் மண்ணில் செய்யக் கூடாது. கையில் ஓட்டை விட்டு ஈர்க்குச்சியைச் செருகிவிடலாம். சுட்ட பொம்மையை வண்ணம் பூசாமல் வாங்கி, அந்த வேலையைத் தானே செய்வதுதான் உத்தமம். தீட்டாத படை பாதிப் படை. வார்ஹேமர் 40,000-இல் நூறு புள்ளி ஆட்டத்தில் பத்துப் புள்ளி, படைக்கு முழுதாக வண்ணம் தீட்டியிருப்பதற்கே தருகிறார்கள். இது 2020-இலிருந்து விதியிலேயே இருக்கிறது.

இதில் விளாச்சேரிக்கும் லாபம் உண்டு. அங்கே வியாபாரம் பெரும்பாலும் பண்டிகையை ஒட்டியது. கொலு வைக்கும் வீட்டிலும் வருடம் ஒன்றோ இரண்டோதான் புதிதாக வாங்குவார்கள். அதையும் படியில் வைத்துவிட்டால் குழந்தைகள் தொடக் கூடாது! படை ஆட்டமோ தொட்டு நகர்த்தினால்தான் நடக்கும். ஒருவருக்கு நாற்பது சிப்பாய் வேண்டும், உடைந்தால் மறுபடி வேண்டும், புதுப் பூதம் ஒன்று கிடைத்தால் எதிராளிக்கும் ஒன்று வேண்டும்.

கதைக்கும் பஞ்சம் இல்லை. மதுரையை அழிக்க ஒரு யானையும் ஒரு நாகமும் ஒரு மாயப் பசுவும் ஏவப்பட்டு, மூன்றும் மலையாகக் கிடக்கின்றன என்கிறது புராணம். கே.கே. நகருக்கு வடகிழக்கே யானைமலை, நகரின் மேற்கே நாகமலை, விளாச்சேரிப் பக்கம் பசுமலை. (யானையை ஏவியவர்கள் சமணர் என்கிறது கதை. அதே யானைமலையில் சமணச் சிற்பங்கள் இருக்கின்றன.) இதைவிட நல்ல பேன்டஸி வரைபடம் எந்த நாட்டான் வரைந்துவிட்டான்? சாமிகளைக் காயாக நகர்த்துவது பலருக்கு உறுத்தும், அதைச் செய்யத் தேவையும் இல்லை. ஒரு பக்கம் யானை, நாகம், பசு. மறுபக்கம் பாண்டியன் காலாட்கள்.

மூன்று மிருகத்துக்கு எத்தனை காலாள் சமம்? அதற்கும் கணக்கு இருக்கிறது. ஆடு புலி ஆட்டத்தில் வழக்கமாக மூன்று புலிக்குப் பதினைந்து ஆடு. புலி ஒன்றுக்கு ஐந்து ஆடு விலை. வார்ஹேமரின் 'பாயிண்ட்ஸ்' முறை இதற்கு மேல் ஒன்றுமில்லை.

சண்டை விளையாட்டு பிள்ளைகளைக் கெடுக்கும் என்பவர்கள் வெல்ஸைப் படிக்கலாம். நிஜப் போர் எவ்வளவு மடத்தனம் என்று புரியவே பொம்மைப் போர் உதவும் என்பது அவர் கட்சி. அடுத்த வருடமே ஐரோப்பா நிஜப் போரில் இறங்கியது. அதற்குப் பொம்மைகள் காரணமில்லை. செமஸ்டர் நேரத்தில் இது தேவையா என்ற கேள்விக்கு மட்டும் வெல்ஸிடமும் பதில் கிடையாது.

பகடைக்கு லூடோ டப்பாவே போதும். ஆனால் யானையை வீழ்த்தத் தாயக்கட்டை வைத்துக்கொள்வது நல்லது. இரண்டு கட்டையை உருட்டித் தாயம் விழ எட்டில் ஒரு வாய்ப்புதான். மலையாக வேண்டிய மிருகம் அவ்வளவு சீக்கிரம் விழக் கூடாதல்லவா? அச்சு கொடுக்கும்போது தும்பிக்கையை நீட்டாமல் மார்போடு ஒட்டியே செய்யச் சொல்ல வேண்டும். பஸ்ஸில் பைபாஸைத் தாண்டுவதற்குள் உடைவது அதுதான்.