எங்கள் தம்பி விளையாடப் போய்ச் சாகவில்லை

எங்கள் தம்பி வேலையில் நின்றவன், வேலையில் செத்தான். "சாகச விளையாட்டில் இளைஞர் பலி" என்று செய்தி போட்டவர்களும், அவன் சாவின் வீடியோவுக்குச் சோகப் பாட்டை ஒட்டி வட்ஸ்அப்பில் சுற்ற விட்டவர்களும், "உயிரோடு விளையாடினால் இப்படித்தான்" என்று அதன் கீழே எழுதியவர்களும் இதைக் கடைசி வரி வரைக்கும் படிக்க வேண்டும்.

அவன் பெயரை எழுதவில்லை. உம்மா வேண்டாமென்றார். "பேரப் போட்டா திரும்பவும் அந்த வீடியோவத் தேடிப் பாப்பாங்க" என்றார். அவர் சொன்னதுதான் சரி. கற்பிட்டிக் கரையில் கைட் என்கிற பட்டத்தைப் பிடித்துப் பலகையில் தண்ணீர்மேல் ஓடுகிற எல்லோருக்கும் அவன் தம்பி. சிங்களப் பொடியன்களுக்கு மல்லி. அது போதும்.

புத்தளம் மாவட்டத்தில் வடக்கு நோக்கிக் கடலுக்குள் நீண்டு கிடக்கும் ஒடுங்கிய நிலம் எங்களுடையது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு. மே மாத நடுவில் சோளகம் எடுத்தால் செப்டெம்பர் வரைக்கும் ஓயாது. டிசம்பரில் வாடை பிறக்கும். எங்கள் தகப்பன்மாருக்கு இந்தச் சோளகம் பிடிக்காது. காற்று இறங்கிவிட்டால் சின்ன வள்ளங்கள் கடலுக்குப் போகாது, வீட்டில் அடுப்பு எரியாது. அதே காற்றைத் தேடி ஐரோப்பாவிலிருந்து ஆட்கள் வரத் தொடங்கினார்கள். கப்பலடியிலும் கண்டக்குழியிலும் ஓலைக் கொட்டில்கள் எழும்பின. மீன்பிடிக் குடும்பத்துப் பொடியன்கள் முதலில் பலகை சுமந்தார்கள், பிறகு கைட்டுக்குக் காற்றடித்தார்கள், கடைசியில் வெள்ளைக்காரருக்கே கற்றுக்கொடுத்தார்கள்.

தம்பியும் அப்படி வந்தவன். அவனுடைய வாப்பா 1990 ஒக்டோபரில் மன்னாரிலிருந்து துரத்தப்பட்டு, உடுத்த துணியோடு வள்ளத்தில் வந்து கற்பிட்டியில் இறங்கியவர். அப்போது அவர் சிறுவன். வடக்கிலிருந்து அந்த நாட்களில் வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் ஏறக்குறைய 75,000 பேர். அந்தக் குடும்பத்துக்குக் காணி இல்லை, கடை இல்லை, அரசாங்க உத்தியோகம் இல்லை. கடல் மட்டும்தான் இருந்தது. மகன் கடலிலேயே வேறொரு பிழைப்பைக் கண்டுபிடித்தபோது வாப்பா எவ்வளவு பெருமைப்பட்டார் என்று எங்களுக்குத் தெரியும். 2019 ஈஸ்டர் குண்டுகளுக்குப் பிறகு ஒருவரும் வரவில்லை. அடுத்த வருடம் கொரோனா. 2022-ல் வள்ளத்துக்கு மண்ணெண்ணெய்யும் கிடைக்கவில்லை. அந்தக் காலமெல்லாம் அவன் கூலிக்கு வலை இழுத்தான். ஆட்கள் திரும்பி வந்ததும் அவனும் கைட்டுக்குத் திரும்பினான்.

அவனைப்போலக் கவனமானவனை இந்தக் கரையில் நான் கண்டதில்லை. அடுத்தவனுடைய கைட்டை ஏற்றிவிடும்போது அதன் முன் விளிம்பைப் பிடித்தபடி நிற்பான். நான்கு லைன்களிலும் ஒவ்வொன்றாக, ஓட்டுபவர் கையிலிருக்கும் பார் வரைக்கும் கண்ணை ஓட்டுவான், திரும்பக் கொண்டுவருவான். ஒரு முறுக்கு இருந்தாலும் விடமாட்டான். அந்தப் பக்கம் நிற்பவர் எத்தனை தடவை கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாலும் சரி, தன் கண்ணுக்குச் சரியென்று படும் வரைக்கும் கையை எடுக்கமாட்டான். இவனைத்தான் உயிரோடு விளையாடியவன் என்கிறீர்கள்.

கைட் என்றால் என்னவென்று தெரியாமல் பேசுகிறவர்களுக்காகச் சொல்கிறேன். 9 அல்லது 12 சதுர மீற்றர் துணி, 24 மீற்றர் நீளத்தில் லைன்கள், கையில் ஒரு பார். அந்தப் பார் இடுப்பில் கட்டிய ஹார்னஸில் கொளுவியிருக்கும். காற்று 15 நொட்டிலிருந்து 25 நொட்டுக்கு ஏறினால் இழுவை ஏறக்குறைய மூன்று மடங்காகும். எவ்வளவு பலசாலியாலும் அதைக் கையால் பிடித்து நிறுத்த முடியாது. அதனால்தான் பாரில் சிவப்பாக ஒரு பிடி இருக்கிறது. குயிக் ரிலீஸ் என்போம். அதைத் தள்ளினால் கைட் தன் பலத்தை இழந்து விழ வேண்டும். எங்கள் உயிர் அந்தச் சிவப்புப் பிடியில் இருக்கிறது. 2002-ல் ஜெர்மனியில் ஒரு போட்டியில் சில்கே கோர்ல்ட் என்ற வீராங்கனை இறந்தார். அடுத்தடுத்த ஆண்டுகளில் கைட் செய்யும் கம்பனிகள் இந்தப் பிடியைத் திருத்தித் திருத்திச் செய்தன. எவ்வளவு இழுவை இருக்கும்போதும் அது எப்படித் திறக்க வேண்டும் என்பதற்கு 2020-ல் ஐ.எஸ்.ஓ. 21853 என்று ஒரு சர்வதேசத் தரமே வந்துவிட்டது. செத்தவர்களைப் பார்த்துக் கற்றுக்கொண்டு, இருப்பவர்களைக் காப்பாற்றுவதற்காக உலகம் செய்த வேலை இது. எங்கள் கரைக்கு மட்டும் அது வந்து சேரவில்லை.

வெளிநாட்டில் பல சீசன் அடித்துத் தேய்ந்த பார்கள்தான் இங்கே பயிற்சியாளரின் கைக்கு வரும். புதியவை விருந்தாளிகளுக்கு. ஹெல்மெட் விருந்தாளிகளுக்கு. காற்று மூர்க்கமாக அடிக்கிற நாளில் பக்கத்தில் நிற்க வேண்டிய மீட்பு வள்ளம், பெற்றோல் செலவு என்று கரையில் கவிழ்ந்து கிடக்கும். தம்பியின் ஹார்னஸில் சின்னதாக ஒரு பை தைத்திருக்கும். லைன் சிக்கினால் அறுப்பதற்கு அதில் ஒரு கொக்கிக் கத்தி இருக்க வேண்டும். அந்தப் பை எப்போதும் காலிதான். அவனை வைத்து வகுப்பு நடத்திய கம்பனியிடம் கேட்டான். கேட்டுக்கொண்டேயிருந்தான். "அடுத்த சீசன் பாப்பம்" என்றார்கள்.

அன்றைக்கு என்ன நடந்தது என்பதை நான் கண்ணால் பார்த்தேன்.

பின்னேரம் சோளகம் திடீரென்று முறுகியது. தம்பியிடம் பாடம் படிக்கிற ஒரு விருந்தாளியின் கைட் தண்ணீரில் விழுந்துவிட்டது. மனிதர் காற்றோடு கரையை நோக்கி ஒதுங்கிக்கொண்டிருந்தார். அந்தக் கரையில்தான் ஒரு ஹோட்டலின் வேலி இருக்கிறது. தம்பி தன் கைட்டிலேயே அவரிடம் போனான். "விடு, விடு, சிவப்பைத் தள்ளு" என்று ஆங்கிலத்தில் கத்தியது எனக்குக் கேட்டது. அவர் பயத்தில் பாரை இன்னும் இறுக்கிப் பிடித்தார். விழுந்து கிடந்த கைட் ஒரு வீச்சில் தானாக எழும்பி, தம்பியின் லைனில் சுற்றியது. இரண்டு கைட்டும் ஒன்றை ஒன்று முறுக்கிக்கொண்டு வானத்தில் சுழன்றன. அந்த நேரத்தில் தம்பி செய்த முதல் வேலை, கையை நீட்டி விருந்தாளியின் சிவப்புப் பிடியைத் தள்ளியதுதான். அது புதிய பார். உடனே திறந்தது. அவர் தண்ணீரில் விழுந்தார், பிழைத்தார்.

பிறகுதான் தம்பி தன்னுடையதைத் தள்ளினான். திறக்கவில்லை. மறுபடியும் தள்ளினான், இரண்டு கையாலும் தள்ளினான். நாங்கள் ஓடினோம். இடுப்பளவுத் தண்ணீரில் எவ்வளவு வேகமாக ஓட முடியும்? கைட் அவனைத் தண்ணீரிலிருந்து மணலுக்கு இழுத்து, மணலிலிருந்து வேலிக்கு இழுத்துப் போனது. கொங்கிறீட் தூண். முள்ளுக்கம்பி. தலையில் ஒன்றும் இல்லை.

அந்த வேலியைப் பற்றிச் சொல்லாமல் இதை எழுத முடியாது. எங்கள் பாட்டன்மார் கரைவலை இழுத்த மணல் அது. ஒரு ஹோட்டல் வந்து தண்ணீர் தொடும் இடம் வரைக்கும் தூண் நட்டது. 1981-ஆம் ஆண்டின் கரையோரப் பாதுகாப்புச் சட்டத்தில் கரையோர வலயம் கரையிலிருந்து 300 மீற்றர் தூரம் உள்ளே வருகிறது. அதற்குள் எதைக் கட்டுவதற்கும் அனுமதி வேண்டும். காற்று போகிற திசையில் தூண் நடாதீர்கள், ஒருநாள் ஆள் வந்து மோதும் என்று நாங்கள் எழுதிக் கொடுத்தோம். மீனவர்களும் எழுதிக் கொடுத்தார்கள். தம்பியும் அதில் கையெழுத்துப் போட்டிருந்தான். எவரும் வந்து பார்க்கவில்லை. தூண் நின்றது. தம்பி போய்விட்டான். தூண் இன்றைக்கும் நிற்கிறது.

பொலிஸ் வந்தது. திடீர் மரண விசாரணை அதிகாரி வந்தார். விபத்து மரணம் என்று எழுதிக்கொண்டு போனார்கள். அவர்கள் கண்ணில் பட்டதை எழுதினார்கள். ஆனால் கண்ணில் படாமல் ஒரு பொருள் மறைக்கப்பட்டது. தம்பியை வாகனத்தில் ஏற்றிய பிறகு அவனுடைய பாரை நான் கையில் எடுத்துப் பார்த்தேன். சிவப்புப் பிடியின் இடுக்கு முழுவதும் மணலும் உப்பும் இறுகிப் போயிருந்தது. உள்ளே இருக்கிற வளையம் தேய்ந்து சரிந்திருந்தது. பாரை நிலத்தில் ஊன்றி உடம்புப் பாரம் முழுவதையும் போட்டு அமத்தித்தான் என்னால் அதைத் திறக்க முடிந்தது. கொட்டிலில் பத்திரமாகத் தொங்கவிட்டேன். விடிந்து பார்த்தால் பாரும் இல்லை, கைட்டும் இல்லை. யார் எடுத்தார்கள் என்று கேட்டோம். ஒருவருக்கும் தெரியாதாம்.

கம்பனி சொன்னது இதைவிடக் கொடுமை. "அவர் எங்கள் ஊழியர் அல்ல. சும்மா வந்து போகும் நண்பர். அன்று அவர் தன் விருப்பத்துக்குத்தான் கடலில் இறங்கினார்."

நண்பராம்! விடியற்காலையில் கொட்டிலைத் திறந்தது நண்பரா? விருந்தாளி ஒன்றுக்குப் போன பலகையைக் கழுவி அடுக்கியது நண்பரா? ஒரு பாடத்துக்கு இவ்வளவு என்று கடித உறையில் காசை வைத்துக் கொடுத்தீர்களே, அது நட்புக்கா? உங்கள் விளம்பரத் தாளில் 'எங்கள் பயிற்சியாளர்கள்' என்று சிரித்த முகத்தோடு அவன் படம் இன்னும் இருக்கிறது. ஆள் உயிரோடு இருந்தபோது அந்தச் சிரிப்பு உங்களுக்கு வேண்டியிருந்தது. மையத்தான பிறகு அவன் யாரோ ஆகிவிட்டான்.

வேலையில் இறந்தவனுக்கு நட்டஈடு கொடுக்க வேண்டும் என்று இந்த நாட்டில் 1934-லேயே கட்டளைச் சட்டம் போட்டிருக்கிறார்கள். ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி 12 வீதம், தொழிலாளி 8 வீதம், நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு முதலாளி 3 வீதம் என்று தேயிலைத் தோட்டத்திலிருந்து தையல் தொழிற்சாலை வரைக்கும் கட்டுகிறார்கள். எங்களில் எத்தனை பேருக்கு அந்த நிதிகளில் ஓர் இலக்கம் இருக்கிறது? நியமனக் கடிதம் இல்லை, சம்பளப் பட்டியல் இல்லை, காப்புறுதி இல்லை. விருந்தாளிக்குக் காப்புறுதி உண்டு, அவருடைய பலகைக்கும் உண்டு. அவரைத் தண்ணீருக்குள் தூக்கிப் பிடிக்கிறவனுக்குக் கிடையாது. கேட்டால், "பிடிக்காவிட்டால் விடு, வேறு பொடியன் வருவான்" என்பார்கள். வருவான். அடுப்பு எரியாத வீடுகள் இந்தக் கரையில் நிறைய இருக்கின்றன.

2024-ல் பாரிஸ் ஒலிம்பிக்கில் முதன்முதலாகக் கைட் பந்தயம் நடந்தது. மார்செய் கடலில். தம்பி போனைப் பலகையில் சாய்த்து வைத்துப் பார்த்தான். எங்களையும் கூப்பிட்டுக் காட்டினான். ஆண்களில் ஒஸ்ட்ரியாவின் வலன்டின் பொன்டூஸ், பெண்களில் பிரித்தானியாவின் எல்லி ஆல்ட்ரிஜ் தங்கம் எடுத்தார்கள். அவன் பார்த்தது தங்கத்தை அல்ல. "எல்லாருக்கும் ஹெல்மெட் இருக்கு, பாருங்க. பின்னால எத்தன போட் நிக்குது, பாருங்க" என்றான். அதைத்தான் சொன்னான். அவன் கேட்டது அவ்வளவுதான்.

ஜனாஸா அன்று கரையில் ஒரு கைட்டும் எழும்பவில்லை. நல்ல காற்று. வள்ளங்களும் போகவில்லை. தலவிலப் பக்கத்திலிருந்து கத்தோலிக்கப் பொடியன்கள் வந்தார்கள், சிங்களப் பொடியன்கள் வந்தார்கள், அவனிடம் படித்த வெளிநாட்டுப் பெண்கள் தலையில் துணி போட்டுக்கொண்டு தெருவில் நின்று அழுதார்கள். வாப்பா அழவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றை மட்டும் கேட்டார். "என்ட மகன் என்ன வேலைல மவுத்தானான்னு ஒரு கடதாசில எழுதித் தருவாங்களா, மகன்?" நான் என்ன பதில் சொல்ல? மூன்றாம் நாள் கம்பனி வகுப்பைத் தொடங்கிவிட்டது. அதே வேலிக்கு முன்னால்.

எங்களுக்கு அனுதாபம் வேண்டாம். தூணைப் பிடுங்குங்கள். பயிற்சியாளருக்கும் ஹெல்மெட், கத்தி, திறக்கிற பார், ஓடுகிற மீட்பு வள்ளம் கொடுங்கள். நியமனக் கடிதம் கொடுங்கள். காணாமல் போன அந்தப் பாரைத் தேடி எடுத்து விசாரணையைத் திரும்பத் தொடங்குங்கள். இதைப் பொலிஸிடமும் தொழில் திணைக்களத்திடமும் எழுத்தில் கொடுத்திருக்கிறோம்.

கடைசியாக ஒருவரிடம் பேச வேண்டும். அன்று பிழைத்த விருந்தாளியே, விடிவதற்குள் உங்களை விமான நிலையத்துக்கு அனுப்பிவிட்டார்கள். உங்கள்மேல் எங்களுக்குக் கோபம் இல்லை. பயந்த மனிதர் பாரை இறுக்கிப் பிடிப்பார், அது எங்களுக்குத் தெரியும். ஆனால் அது பாடம் என்பதும், அந்தப் பாடத்துக்கு நீங்கள் காசு கட்டியிருந்தீர்கள் என்பதும், உங்கள் பிடியைத் தள்ளியது யாருடைய கை என்பதும் உங்களுக்குத் தெரியும். நீங்கள் எந்த நாட்டில் இருந்தாலும், அதை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு அவனுடைய வாப்பாவுக்கு அனுப்புங்கள்.