பொறி சரிபார்த்த தேற்றம்

ஆரஞ்சுப் பழங்களைக் கடையில் கூம்பாக அடுக்கும் வணிகர் அதற்கெனக் கணிதம் பயின்றவரல்லர். ஆயினும் அவ்வடுக்கினும் நெருக்கமாக ஒரே அளவுள்ள உருண்டைகளை அடுக்க இயலாது என்று 1611இல் ஜெர்மானிய அறிஞர் கெப்ளர் எழுதினார். அவ்வடுக்கில் இடத்தின் ஏறத்தாழ 74 விழுக்காடு நிரம்பும். கூற்று எளிது, நிறுவலோ ஏறக்குறைய நானூறு ஆண்டுகள் எவர் கைக்கும் எட்டவில்லை.

1998இல் அமெரிக்கக் கணித அறிஞர் தாமஸ் ஹேல்ஸ் அதனை நிறுவிவிட்டதாக அறிவித்தார். எழுதிய பக்கங்கள் ஒருபால். ஏறத்தாழ மூன்று கிகாபைட் கணிப்பொறி நிரல்களும் தரவுகளும் மறுபால். 'அன்னல்ஸ் ஆஃப் மேத்தமேட்டிக்ஸ்' இதழ் பன்னிரு நடுவர்களை அமர்த்திற்று. ஆண்டுகள் பல உழைத்தபின், நிறுவல் சரியென்பதில் 99 விழுக்காடு உறுதி உண்டு, முற்றாகச் சரிபார்க்க இயலவில்லை என்று அவர்கள் கைவிரித்தனர். கட்டுரை 2005இல் வெளிவந்தது. தேர்வுத்தாளில் 99 பெருமதிப்பெண்தான். நிறுவலிலோ அது ஐயம்.

ஹேல்ஸ் அடுத்து மேற்கொண்ட வழியே ஈண்டு நாம் கருதத்தக்கது. 2003இல் 'ஃப்ளைஸ்பெக்' என்னும் திட்டத்தைத் தொடங்கி, 'ஹோல் லைட்', 'இசபெல்' என்னும் மென்பொருள்களில் நிறுவலை அடியடியாக எழுதுவித்தார். வியட்நாம் நாட்டுக் கணிதர் பலரும் துணைநின்றனர். 2014 ஆகஸ்டில் பணி நிறைவுற்றது.

இம்மென்பொருள்கள் தாமே சிந்தித்து நிறுவலைக் கண்டன என்று எண்ணுதல் பிழை. கணித நூலார் 'இது தெளிவு', 'பிறவும் இவ்வாறே' என்று கடந்துபோகும் இடங்கள் உண்டு. மூலத்தில் இல்லாத சொல்லை நம் உரையாசிரியர்கள் வருவித்து உரைப்பரன்றோ? அங்ஙனம் வருவித்துக்கொள்ளும் நல்லெண்ணம் பொறிக்குக் கிடையாது. ஹோல் லைட்டின் உட்கரு சில நூறு வரிகளே. அதிலடங்கிய விதிகளின் வழியன்றி எந்த அடியும் உள்ளே நுழையாது. நாம் நம்பவேண்டிய பகுதி சிறிதாயிருத்தலே இதன் வலிமை.

மனிதர் எவரும் முழுதும் படித்தறியாத நிறுவல் நிறுவலாகுமா என்று வினவுவோர் உளர். 1976இல் அப்பெல், ஹாக்கன் இருவரும் நான்கு வண்ணத் தேற்றத்தைக் கணிப்பொறித் துணையால் நிறுவியபோதே எழுந்த வினா இது. சரிபார்த்தல் வேறு, விளங்கிக்கொள்ளுதல் வேறு என்னும் அளவில் அதனை ஒப்புகிறேன். ஆனால் முன்னது பின்னதைக் கெடுக்கும் என்பதை ஒப்பேன். ஃபீல்ட்ஸ் பதக்கம் பெற்ற பீட்டர் ஷோல்ஸே, தாமும் கிளாசனும் கண்ட தேற்றமொன்றன் நிறுவலில் தமக்கே முழு உறுதியில்லை என்று 2020 டிசம்பரில் வெளிப்படையாகக் கூறி, அதனைச் சரிபார்க்குமாறு 'லீன்' மென்பொருள் வல்லுநர்களை அழைத்தார். 2022 ஜூலையில் பணி முடிந்தது. தம் நிறுவல் எதனால் நிற்கிறது என்பதை அம்முயற்சியில்தான் தெளிந்ததாக அவரே குறித்துள்ளார். இத்தகைய பேரறிஞருக்கு இல்லாத தயக்கம் நமக்கெதற்கு?

ஒன்றை மட்டும் பொறி அறியாது. 'உருண்டை', 'நெருக்கம்' என நாம் எழுதித்தந்த வரையறை, நாம் கருதிய பொருளையே குறிக்கிறதா என்பது அதற்குப் புலப்படாது. வரையறை பிழைத்தால் வேறொரு தேற்றத்தைக் குற்றமறச் சரிபார்த்து நம் கையில் தரும். நிறுவல் எத்தனை நீளமாயினும், தேற்றத்தின் கூற்றும் வரையறைகளும் அடங்கிய சில பக்கங்களை மனிதர்தாம் சொல் சொல்லாகப் படித்தாக வேண்டும். சொல்லின் பொருளெல்லை காணும் இப்பயிற்சி எங்கள் துறைக்குப் புதிதன்று. மேற்கூறிய மூன்று மென்பொருள்களும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. கணிதத்துறை மாணவர் ஒரு வரையறையை எழுத, தமிழ்த்துறை மாணவர் அதில் ஓட்டை தேட, ஒரு மாலைப்பொழுது இருதுறையினரும் கூடி அமர்ந்தால் என்ன?