வாழ்க்கைக் குறிப்பில் இடம்பெறாதவை



கடந்த மாதம் நம் சேகரத்தின் மூத்த அம்மா ஒருவர் 81ஆம் வயதில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். அடக்க ஆராதனையில் வாசிக்கும்படி குடும்பத்தார் ஒரு வாழ்க்கைக் குறிப்பை எழுதித் தந்தனர். பிறந்த ஊர், திருமண நாள், பிள்ளைகளின் பட்டங்கள், அவர்கள் வகிக்கும் பதவிகள், பேரப்பிள்ளைகள் வாழும் நாடுகள் யாவும் அதில் இருந்தன. அவரைப் பற்றியோ, 'இல்லத்தரசியாக இருந்தார்' என்னும் ஒரே வரி. நானும் அதை அப்படியே வாசித்தேன். அது என் குறை. அன்று முதல் என் மனம் அமைதியடையவில்லை.

சில நாட்களுக்குப் பின் ஜெபிக்கச் சென்றபோது அவருடைய அடுப்பங்கரையைக் கண்டேன். உலை வைக்குமுன் ஒவ்வொரு வேளையும் ஒரு பிடி அரிசியை எடுத்துப் போட்டுவந்த தகர டப்பா அங்கே பாதி நிறைந்திருந்தது. கைப்பிடியரிசிக் காணிக்கையை நம்மில் பலர் விட்டுவிட்டோம். ரூபாய் நோட்டு எளிது. அவர் விடவில்லை. வீட்டில் அரிசி போதாமற்போன ஆண்டுகளிலும் அந்தப் பிடி நின்றதில்லை, குறைந்தது அம்மாவின் தட்டில்தான் என்றார் மூத்த மகள். பேரப்பிள்ளைகள் தமிழ் வாசிக்கப் பழகியது அவருடைய குடும்ப ஜெபத்தில். முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே, வேதாகமத்தைப் பாராமலே, அவர்கள் வாசிப்பில் பிழை திருத்துவாராம்.

தீமோத்தேயுவின் பாட்டி லோவிசாளை நினைத்துக்கொண்டேன். அவள் எந்தக் கூட்டத்திலும் பேசியதாக வேதம் சொல்லவில்லை. ஆயினும் சிறையிலிருந்து, மரணத்தை எதிர்நோக்கி எழுதும் பவுல், தீமோத்தேயுவின் விசுவாசம் முதலில் குடியிருந்த இடமாக அவளையே பெயர்சொல்லி நினைவுகூருகிறார். பாட்டி என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல் புதிய ஏற்பாட்டில் அந்த ஓரிடத்தில் மட்டுமே வருகிறது. தீமோத்தேயுவின் தகப்பனையோ, கிரேக்கன் என்று மட்டும் அப்போஸ்தலருடைய நடபடிகள் கூறுகிறது. அவன் பெயர் எங்கும் இல்லை. நம் வாழ்க்கைக் குறிப்புகள் இதற்கு நேர்மாறானவை.

நம் நாட்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் வீட்டுப்பணி மட்டும் செய்யும் பெண்களை உழைக்காதோர் வரிசையிலேயே வைத்தது. பிச்சையெடுப்போரோடும் சிறைக்கைதிகளோடும் அவர்களைச் சேர்த்து எண்ணியதை 2010இல் உச்ச நீதிமன்றமே கண்டித்தது. 2019ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமில்லாத வீட்டுப்பணியில் ஈடுபட்ட பெண்கள் நாளொன்றுக்கு 299 நிமிடங்களும், ஆண்கள் 97 நிமிடங்களும் அதில் செலவிட்டனர். அரசின் கணக்கைக் குறைகூற எனக்குத் தகுதியில்லை. நான் வாசித்த தாளும் அதே கணக்குத்தான்.

ஆனால் புகழ்ச்சியிலும் ஓர் ஆபத்து உண்டு. 'தியாகத்தின் திருவுருவம்' என்று சொல்லிவிட்டால் நம் கடன் தீர்ந்ததென எண்ணிக்கொள்கிறோம். இளவயதில் அந்த அம்மாவுக்கு ஆசிரியப் பயிற்சியில் இடம் கிடைத்திருந்ததாம். மாமியார் படுக்கையில் விழுந்ததால் போகவில்லை. அந்தச் சேர்க்கைக் கடிதத்தை இறுதிவரை தம் வேதாகமத்துக்குள் வைத்திருந்தார். மனமுவந்துதான் விட்டுக்கொடுத்தாரா, வேறு வழியின்றியா? இத்தனை ஆண்டுகள் அவருடைய மேய்ப்பனாயிருந்தும் நான் ஒருநாளும் கேட்கவில்லை. அவர் வீட்டில் காபி அருந்திய நாட்களுக்கோ கணக்கில்லை.

ஆகையால் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பாட்டிமார் பேசும் நிலையில் இருக்கையிலேயே அருகே அமர்ந்து கேளுங்கள். என்ன செய்தார்கள் என்று மட்டுமல்ல, எதை விரும்பினார்கள் என்றும் கேளுங்கள். கேட்டதை எழுதி வையுங்கள். அது எத்தனை பக்கமானாலும் அடக்க ஆராதனையில் நான் வாசிப்பேன்.

அந்தத் தகர டப்பாவை அவருடைய மருமகள் சென்ற ஞாயிறு ஆலயத்துக்குக் கொண்டுவந்து, அரிசியைக் காணிக்கையாகப் படைத்தார். வெறும் டப்பாவைத் திரும்ப வீட்டுக்கு எடுத்துச் சென்றார்.