அடிபட்ட கட்டி அனுப்பும் ஆணை

ஓமலூர், தாரமங்கலம் பக்கத்தில் குச்சிக்கிழங்குக் காட்டிலும் தறிக்கூடத்திலும் பொழுதெல்லாம் பாடுபடுகிறவர்கள், வெற்றிலையோடு புகையிலையையும் கடைவாயில் அடக்கிக்கொள்வதே களைப்புக்கு மருந்தென்று நம்பி வந்திருக்கிறார்கள். கன்னத்தின் உட்புறம் ஆறாத புற்றுரணமாகி, வாய் திறக்கவும் இயலாமற்போன பின்னரே அவர்களுள் பலர் சேலத்துப் பெரியாஸ்பத்திரியின் படியேறுகிறார்கள். அவர்களுக்கென விஞ்ஞானம் என்ன வைத்திருக்கிறது என்பதோடு, அதில் எது அவர்கள் கைக்கெட்டும் என்பதையும் சேர்த்தே ஆராய வேண்டும்.

கதிரால் சுட்டாலும் ரசாயன மருந்தால் தாக்கினாலும் புற்றுக்கட்டியின் உயிரணுக்கள் வாளாவிருப்பதில்லை. வாய்ப்புற்று உள்ளிட்ட தலை, கழுத்துப் புற்றுகளில் மிகப் பெரும்பாலானவற்றின் அணுப்பரப்பில் ஈ.ஜி.எஃப்.ஆர். என்னும் ஏற்பி அளவுக்கு மிஞ்சி நிறைந்திருக்கிறது. வளர்ச்சிக் காரணியாகிய புரதம் அதில் வந்து ஒட்டியதும், பெருகுக என்ற ஆணை உட்கரு வரையில் செல்கிறது. விபரீதம் யாதெனில், கட்டியை அழிக்கச் செலுத்தும் கதிரே இந்த ஏற்பியைத் தூண்டியும் விடுகிறது. ஆறேழு வாரச் சிகிச்சையின் நடுவே, சாகாது எஞ்சிய அணுக்கள் முன்னிலும் வேகமாக விருத்தியடைகின்றன. கூலி போய்விடுமே, பஸ்ஸுக்குக் காசில்லையே என்று நோயாளி இடையில் நின்றுவிடும் நாட்கள், அந்த ஆணைக்குக் கிடைக்கும் அவகாசமே ஆகும்.

அவ்வேற்பியை அடைக்கும் செடுக்சிமாப் என்ற மருந்தைக் கதிரோடு சேர்த்தபோது, நோயாளிகளின் இடைநிலை ஆயுள் 29 மாதங்களிலிருந்து 49 மாதங்களாக உயர்ந்ததை 2006ஆம் ஆண்டு வெளியான ஆய்வு காட்டிற்று. முகத்திலும் மார்பிலும் பருவைப்போல் வெடிக்கும் தடிப்பு இம்மருந்தின் அடையாளம். தோலின் அணுக்களும் அதே ஏற்பியை நம்பி வாழ்வதே அதற்குக் காரணம். ஆயினும், கதிரோடு சிஸ்பிளாட்டின் என்ற ரசாயன மருந்தும் பெறுகிறவர்களுக்கு அதைக் கூடுதலாகக் கொடுத்ததில் பயனில்லை என்று 2014இல் வெளியான அமெரிக்க ஆய்வு தெரிவித்தது. ஒரு வாயிலை அடைத்தால் கட்டி வேறு வாயில்களைத் தேடிக்கொள்கிறது.

ஆதலின் பல வாயில்களைச் சிறிது சிறிதாக அடைக்கும் உபாயத்தை மும்பை டாடா நினைவு மருத்துவமனை மேற்கொண்டது. மெத்தோட்ரெக்சேட் என்ற ரசாயன மருந்தோடு, ஈ.ஜி.எஃப்.ஆரை அடக்கும் எர்லோடினிபும், அழற்சியைத் தூண்டும் புரோஸ்டாகிளாண்டினைக் குறைக்கும் செலகாக்சிபும் மாத்திரைகளாகவே கொடுக்கப்பட்டன. அவற்றுடன், கட்டியின் சமிக்ஞையால் கட்டுண்ட எதிர்ப்பணுக்களை விடுவிக்கும் நிவோலுமாப் 3 வாரத்துக்கு 20 மில்லிகிராம் வீதம், வழக்கமான அளவில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக, செலுத்தப்பட்டது. குணப்படுத்தும் கட்டத்தைக் கடந்துவிட்ட அந்நோயாளிகளில், நிவோலுமாப் சேர்த்ததால், ஓராண்டு உயிரோடிருந்தோர் 16 சதவீதத்திலிருந்து 43 சதவீதமாயினர்.

இவ்விஷயத்தில் நாம் கற்கவேண்டிய பாடம் இதுவே: சமிக்ஞை விஞ்ஞானத்தின் பெருமை மருந்தின் விலையில் இல்லை, அளவறிந்து பிரயோகிப்பதில் இருக்கிறது. இத்தகைய சிக்கன முறைகளைச் சேலம் போன்ற மாவட்டத் தலைநகரங்களில் தடையின்றி வழங்குவதும், கதிர்ச் சிகிச்சைக்கு வருவோரின் பயணச் செலவையும் கூலி இழப்பையும் சிகிச்சையின் அங்கமாகவே கருதி ஈடுசெய்வதும் சர்க்காரின் கடமை. விட்டுப்போன ஒரு வாரத்தை விலையுயர்ந்த மருந்துகொண்டு மீட்க முயல்வதைக் காட்டிலும், அந்த வாரம் விட்டுப்போகாமல் பார்த்துக்கொள்வதே விவேகம்.